தேதி இல்லாதவள்

2014 ஜூலை 3, வியாழன்

அக்காவை இன்று என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லையாம். டாக்டர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தார். "வலி தெரியாம பாத்துக்கலாம்மா" என்றார். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முன்னறையில் கட்டில் போட்டு வைத்திருந்தேன். அக்கா உள்ளே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "தலைய இந்தப் பக்கம் வச்சா ரோடு தெரியாதுட்டி." கட்டிலைத் திருப்பினேன். இந்த வீட்டில் எனக்கிருந்த அதிகாரம் அத்தோடு முடிந்தது.

இந்த டயரி, நான் விருப்ப ஓய்வு பெற்ற அன்று டெலிபோன் ஆபீஸில் கொடுத்தது. மருந்து கொடுத்ததை எழுதிவைக்கலாம் என்று எடுத்தேன். காலை மாத்திரை கொடுத்தாயிற்று. மத்தியான மாத்திரையைத் துப்பிவிட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. மணி அடித்தபோது அக்கா, "நீ போயிட்டு வா, நான் கெடக்கேன்" என்றாள். போகாததில் எனக்கு வருத்தமில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மருந்துக்காக எடுத்த டயரிதான். ஆனால் பேனா கையில் இருந்தால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அக்கா பெயர் சுகிர்தம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எனக்கு மூன்று வயதில் அம்மா இறந்துபோனாள். அதற்குப்பின் எனக்குத் தலை வாரியது, பேன் பார்த்தது, பிரம்பால் அடித்தது எல்லாம் அக்காதான். அத்தான் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணமே இல்லை. ஆக, அவளுக்கு நான், எனக்கு அவள்.

வலது மார்பை எடுத்த பிறகு அந்தப் பக்கத்துக் கை வீங்கிவிட்டது. தூக்க முடியாது. ஒரு தலையணை வைத்து அதன்மேல் அந்தக் கையைக் கிடத்தியிருக்கிறாள், வேறு யாருடைய கையோ என்பதுபோல.

ஜூலை 11, வெள்ளி

வெள்ளிக்கிழமை ஜெபக்குழு இன்று இங்கே கூடிற்று. குழுவைத் தொடங்கியவள் அக்கா. இப்போது நடத்துவது லில்லி புஷ்பம், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். அவள் ஜெபம் செய்தால்கூட வருகைப் பதிவு எடுப்பதுபோல இருக்கும்.

புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். வழக்கம்போல லில்லி கேட்டாள், "நீங்க எப்ப ரட்சிக்கப்பட்டீங்க சிஸ்டர்?" இந்தக் குழுவில் இதுதான் முதல் கேள்வி. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அப்புறம். பாவத்தை உணர்ந்து, அழுது, இயேசுவை ஏற்றுக்கொண்ட நாள் எது என்று தேதி சொல்ல வேண்டும். மாதமும் வருஷமும் மட்டும் சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். வருஷாவருஷம் அந்தத் தேதி ஆவிக்குரிய பிறந்தநாள், கேசரி உண்டு. அந்தப் பெண் பட்டென்று ஒரு தேதியைச் சொன்னாள். எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

அக்காவின் தேதி 1962 மே 12. அவள் வேதப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அத்தான் சிவப்பு மையில் எழுதிக்கொடுத்தது இன்னும் மங்கவில்லை. செம்மணல் தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கம் நடந்த கன்வென்ஷன் கூட்டம். மெட்ராஸிலிருந்து வந்த பிரசங்கியார், "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று அழைப்புக் கொடுக்கிறார். பந்தல் முழுக்கக் கண்ணை மூடியிருக்கிறது. கடைசியாக ஒரே ஒரு கை உயர்கிறது. அது அக்காவுடையது. இந்தச் சாட்சியை அவள் நடுவில் நிறுத்தினால் மீதியை நான் சொல்லிவிடுவேன், அத்தனை தடவை கேட்டாயிற்று. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேனாம், ஆறு வயதுப் பிள்ளையாக. எனக்கு ஒன்றும் நினைவில்லை.

எனக்குத் தேதி கிடையாது. ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் அந்தந்த வயதில் ஆயிற்று. திருவிருந்து எடுக்கிறேன். ஆனால் இன்ன நாளில் அழுதேன், இன்ன நாளில் மாறினேன் என்று சொல்ல ஒன்றுமில்லை. அக்கா முதலில் அதட்டிப் பார்த்தாள். பிறகு கெஞ்சினாள். பிறகு ஊரறிய என் பெயரைச் சொல்லி ஜெபித்தாள். மற்றவர்களின் கேசரியைத் தின்றே எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது.

கிளம்பும்போது லில்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹெப்சிபா சிஸ்டர், உங்க தேதிக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கோம்" என்றாள்.

"கேஸ் சிலிண்டர் மாதிரிதான் சிஸ்டர். பதிஞ்சு வச்சிருக்கேன், வரும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அக்கா உள்ளேயிருந்து சிரித்த சத்தம் கேட்டது.

ஜூலை 20, ஞாயிறு

சிலிண்டர் வந்துவிட்டது. மற்றது வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அக்கா தூங்குவதே இல்லை. வலி என்று நினைத்து, மாத்திரையைக் கூட்டலாமா என்று ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணப் போனேன். தடுத்துவிட்டாள்.

"வலி இல்லட்டி."

"பெறவு என்ன?"

"பயமா இருக்கு."

எத்தனையோ பேரின் தலைமாட்டில் உட்கார்ந்து, பாட்டுப் பாடி, தைரியம் சொல்லி வழியனுப்பியவள் இவள். எங்கள் தெருவில் யாருக்காவது முடியாமல் போனால் டாக்டருக்கு முன்னால் அக்காவுக்குத்தான் ஆள் வரும். அதனால் எனக்கு முதலில் விளங்கவில்லை.

"செத்துருவேன்னு பயமில்ல. செத்த பெறவு எங்க போவேன்னுதான்" என்றாள்.

நான் சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தேன். "நீ போவாத எடத்துக்கு வேற யாரு போவப்போறா" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாத்துக்குடி புளிப்பு. சீனி போட்டும் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு அவள் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். சாட்சி சொல்கிற குரல் இல்லை, வேறு குரல்.

"ஏட்டி, அந்தக் கூட்டத்துல நான் எதுக்குக் கை தூக்குனேன்னு தெரியுமா?"

தெரியும், ஆயிரம் தடவை கேட்டாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை.

"உனக்கு அன்னைக்குச் சாயங்காலமே காய்ச்சல். கூட்டத்துக்குப் போவேண்டாம்னு அப்பா சொன்னாரு. நான்தான் அடம்புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். பிரசங்கம் பாதி நடக்கையிலயே நீ என் மடியில அனலா கெடந்த. முனங்குன. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கண்ணு தொறக்கல. கடைசி பஸ்ஸு பந்தலுக்கு வெளிய நிக்கி. டிரைவர் ஹார்ன் அடிக்காரு, திரும்பத் திரும்ப அடிக்காரு. பிரசங்கியாரு விடல. இன்னும் ஒரு ஆத்துமா இங்க இருக்கு, அந்த ஆத்துமா கை தூக்காம நான் கூட்டத்த முடிக்க மாட்டேன்னுட்டாரு. ஒருத்தரும் தூக்கல. கூட்டம் முடியாம எந்திரிச்சுப் போவவும் முடியாது, நாங்க முன்வரிசை. பஸ்ஸு போயிட்டா உன்னத் தூக்கிட்டுத் தேரிக்காட்டுல எப்படி நடப்பேன்? வழியில உனக்கு ஒண்ணு ஆயிட்டா? அம்மாவும் இல்ல." உதட்டை நனைத்துக்கொண்டாள். "தூக்கிட்டேன்."

"எதை?"

"கையத்தாண்டி. அவரு அல்லேலூயான்னாரு. ஜெபம் பண்ணி முடிச்சாரு. நான் ஓடுனேன்."

கீரை ஆய்வதை நிறுத்தவில்லை என்று நினைக்கிறேன். பிறகு பார்த்தால் தண்டையும் இலையையும் ஒரே பாத்திரத்தில் போட்டிருந்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழம உபதேசியாரு கோவில்ல என் பேரை வாசிச்சாரு. எல்லாரும் வந்து கையப் புடிச்சாங்க. பஸ்ஸுக்காகத் தூக்குனேன்னு எப்படிச் சொல்லுவேன்? பெறவு எல்லாரும் என்னைய அப்படியே பாத்தாங்க, நானும் அப்படியே இருந்துட்டேன். வேதம் வாசிச்சேன், ஜெபம் பண்ணுனேன், ஊழியம் செஞ்சேன். எல்லாம் செஞ்சேன் ஹெப்சி. அஸ்திவாரம் மட்டும் பொய்யி."

மத்தியானம் கீரைப் பொரியலில் எல்லாம் தண்டு.

ஆகஸ்ட் 14, வியாழன்

நேற்று அவள் சொன்னது இன்று காலை துணி துவைக்கும்போது நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பஸ் டிரைவர் ஹார்ன் அடித்ததில் ஒரு ஜெபக்குழுவே உண்டாகியிருக்கிறது.

பிறகு கோபம் வந்தது. இந்தத் தேதியை வைத்துக்கொண்டுதானே இத்தனை காலமும் என்னிடம் தேதி கேட்டாள்? நான் இருபது வயதில் எத்தனை நாள் கதவை மூடிக்கொண்டு முழங்காலில் நின்றிருப்பேன், ஏதாவது ஒன்று நடக்கும், ஒரு தேதி கிடைக்கும் என்று. முழங்கால் வலித்ததுதான் மிச்சம். துணியைக் கொஞ்சம் பலமாகவே அடித்துத் துவைத்தேன். அக்காவின் நைட்டி ஒன்று தோள்பட்டையில் கிழிந்துவிட்டது.

காய்ச்சல் விஷயத்தை அவள் எந்தச் சாட்சியிலும் சொன்னதில்லை. அதுவும் இன்றுதான் உறைத்தது. நைட்டியைத் தைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஜெபக்குழு வந்தது. அக்கா தூங்குவதுபோலக் கிடந்தாள். லில்லி புஷ்பம் தாழ்ந்த குரலில், அதாவது அடுத்த வீட்டுக்கு மட்டும் கேட்கிற குரலில், "அக்கா முகத்துல என்ன சமாதானம் பாருங்க" என்றாள். அக்காவின் இமை துடிப்பது எனக்குத் தெரிந்தது.

அவர்கள் போனதும், "அந்தத் தேதிய அடிச்சிருட்டி" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. வேதப் புத்தகம் அலமாரியில் இருந்தது.

"பேனா எழுதல" என்றேன்.

"டயரி எழுதுதல்லா, அந்தப் பேனா?"

"அதுலயும் மை தீந்துட்டு."

அந்தப் பேனாவால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் காட்வின் ஐயர் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுத்தார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். சின்ன வயது, நல்ல மனுஷன், ஸ்கூட்டரில் வருவார். எனக்கும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், எப்போதும்போல, நாளைக்குக் கணக்குக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபடி.

அக்கா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பஸ், ஹார்ன், காய்ச்சல், எல்லாம். அவர் கேட்டுவிட்டு, நல்ல நல்ல வசனங்களாகச் சொன்னார். மேய்ப்பனுடைய கையிலிருந்து ஆட்டை யாரும் பறிக்க முடியாது என்றார். ஒவ்வொன்றுக்கும் அக்கா தலையசைத்தாள். "தெரியும் ஐயா. இதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்த வசனம். ஊருக்கெல்லாம் பலிக்கி, எனக்குப் பலிக்கல" என்றாள்.

பிறகு கேட்டாளே ஒன்று. "ஐயா, அந்த அழைப்ப எனக்கு இன்னொரு தடவ கொடுங்க. இப்ப நெசமா தூக்குதேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பாவம், பந்தலும் மைக்கும் கூட்டமும் இல்லாமல், பவுடர் வாசமும் மருந்து வாசமும் அடிக்கிற ஒரு முன்னறையில் நின்றுகொண்டு, அவர் கண்ணை மூடி அழைப்புக் கொடுத்தார்.

அக்கா வலது கையைத் தூக்கப் பார்த்தாள். தலையணையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது, விழுந்தது. இடது கையைத் தூக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அன்று தூக்கியது வலது கை, இன்றும் அதுதான் வேண்டும் அவளுக்கு. மறுபடியும் முயன்றாள். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"தூக்கிப் புடிட்டி" என்றாள்.

அவள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் அடியில் என் கைகளைக் கொடுத்துத் தூக்கினேன். நனைந்த துணி மூட்டை கனம். ஐயர் ஜெபம் பண்ணி முடிக்கும்வரை பிடித்திருந்தேன். அவர் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன், அது ஜெபத்தில் சேருமா தெரியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

"அது கணக்கில சேராதுட்டி" என்றாள் காலையில், கண் விழித்ததும்.

"ஏன்?"

"நீதான தூக்குன. நான் தூக்கலியே."

பல் தேய்க்கிற பிரஷ் என் கையில் இருந்தது. அதை அவள் வாயில் வைத்து அடைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. கண்கள் மட்டும் பெரிதாகத் திறந்திருக்கின்றன. ரோட்டைப் பார்க்கத்தான் கட்டிலைத் திருப்பச் சொன்னாள். இப்போது ரோட்டையும் பார்ப்பதில்லை.

எழுதிவிடுகிறேன். நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஊரெல்லாம் பேசியதை இணைத்துக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது என் வேலை. கடவுளோடும் அப்படித்தான் இருந்துவிட்டேன். அக்கா பேசுகிறாள், அந்தப் பக்கம் யாரோ கேட்கிறார்கள், லைன் நன்றாக இருக்கிறது, எனக்கு அது போதும் என்றிருந்தேன். இப்போது அவளே, அந்தப் பக்கம் யாரும் இல்லையோ என்று பயப்படுகிறாள். அவள் இப்படிப் பயந்துகொண்டே போய்விடக் கூடாது. என்னைத் தூக்கி வளர்த்தவள் நடுங்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் நான் மட்டும் எப்படி இருப்பேன்? ஏதாவது சொல்ல வேண்டும். என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

விரிப்பு மாற்றும் நாள். ஆளைக் கட்டிலில் வைத்துக்கொண்டே விரிப்பை மாற்றுவது ஒரு வித்தை. ஒரு பக்கமாகப் புரட்டி, பழையதைச் சுருட்டி, புதியதை விரித்து, மறுபக்கம் புரட்ட வேண்டும். அக்கா எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு கட்டில் கம்பியை இடது கையால் இறுகப் பிடித்துக்கொள்வாள். அவள் பிடித்தால் எனக்குத்தான் கஷ்டம், புரட்ட வராது.

"கைய விடு" என்றேன்.

"விழுந்துருவேன்."

"நான் புடிச்சிருக்கேன்லா, விடு."

விடவில்லை. விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அந்த எரிச்சலில்தான் கேட்டேன். மற்றபடி இதையெல்லாம் நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

"ஏக்கா, அன்னைக்குப் பந்தல்ல இருந்து பஸ்ஸுக்கு நானா ஓடுனேன்?"

"நீ எங்கட்டி ஓடுன? தோள்ல போட்டுக்கிட்டு நான்தான் ஓடுனேன்."

"நான் உன்னைய இறுக்கிப் புடிச்சிருந்தனா?"

"புடிக்கவா? உனக்கு நெனவே இல்ல. கை ரெண்டும் என் முதுகுல தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு."

"பஸ்ஸுல ஏறுனது எனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எறங்குனது?"

"தெரியாது. காலையில முழிச்சு, கஞ்சி வேணும்னு கேட்ட."

"அப்ப நான் வீட்டுக்கு வந்தேனா, வரலையா?"

அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள், முகம் சுவர்ப் பக்கம். நான் பழைய விரிப்பை உருவி எடுத்தேன்.

"நான் புடிக்கல. எந்தப் பஸ்ஸு, எத்தன மணி, ஒண்ணும் தெரியாது. தூக்கிட்டுப் போனவளுக்குத் தெரியும்லா, அது போதும். நீ அன்னைக்குக் கைய நெசமா தூக்குனியா, பொய்யா தூக்குனியான்னு பாத்துத்தானா ஆண்டவரு உன்னத் தூக்குவாரு?"

"நீ பிள்ளட்டி. ஆறு வயசு."

"நீ யாரு? அவருக்கு முன்னால நீ கெழவியோ?"

அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டும் இருந்தாள். நான் விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினேன். ஒரு மூலை சரியாக நிற்கவில்லை, இரண்டு மூன்று தடவை செருக வேண்டியிருந்தது, கண் சரியாகத் தெரியாததால்.

மறுபக்கம் புரட்டும்போது கம்பியை அவள் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்படியாட்டி இருக்கும்?" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்துட்டேன், அது மட்டுந்தான் தெரியும்."

"கஞ்சி இருக்கா?" என்றாள்.

செப்டம்பர் 18, வியாழன்

அக்கா தூங்குகிறாள். மாத்திரை கொடுக்க எழுப்பவில்லை.

செப்டம்பர் 27, சனி

முன்பு மாதிரி முழுத் தைரியம் வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். சில நாள் மறுபடி கேட்கிறாள். "ஹெப்சி, பொய்யில ஆரம்பிச்சது பொய்யாத்தான முடியும்?" என்பாள். "யாரு கை தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு?" என்று நான் கேட்பேன். "என் கை இல்ல, உன் கை" என்பாள். அதோடு சரியாகிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு தடவைகூட இது நடக்கும். மருந்து வேளைபோல ஆகிவிட்டது. டயரியில் நேரம் போடவில்லை.

இன்று வேதப் புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

"அடிக்கலியா?"

"பேனா எழுதல."

"இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். "வீட்டுக்கு வந்தது அன்னைக்குத்தான."

அக்டோபர் 6, திங்கள்

வாயை நனைத்துக்கொடுத்தால் மட்டும் போதும் என்கிறாள். சாயங்காலம் வெயில் ஜன்னல் வழியாக அவள் காலில் விழுந்தது. காலை நகர்த்தி வைக்கட்டுமா, திரையைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

"தூக்கம் வருதுட்டி."

"தூங்கு."

"பஸ்ஸு?"

விளையாட்டாகச் சொன்னாளா, நினைவு தப்பிச் சொன்னாளா தெரியாது. "அதெல்லாம் போயிருவோம், நீ தூங்கு" என்றேன். அவள் கையைத் தலையணைமேல் சரியாக வைத்தேன். விரல்கள் மூடியிருக்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் அக்கா போய்விட்டாள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 8, புதன்

அடக்கம் முடிந்தது. நல்ல கூட்டம். காட்வின் ஐயர் சுருக்கமாகப் பேசினார். கையை உயர்த்தியவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, உயர்த்திப் பிடிக்கிறவரைப் பற்றி மட்டும் சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார். லில்லி புஷ்பம் அக்காவின் சாட்சியைச் சொன்னாள், மெட்ராஸ் பிரசங்கியார், பந்தல், கடைசிக் கை எல்லாம். பஸ் இல்லை. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கட்டிலைப் பழையபடி திருப்பிப் போட்டேன். பிறகு, ரோடு தெரியவில்லை என்று மறுபடி திருப்பினேன். எனக்கு இப்போது யாரும் இல்லை. அழுதேன், எழுதுவதற்கு என்ன.

நவம்பர் 5, புதன்

கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர் வந்தார். ஜெபக்குழு சொல்லி அனுப்பியதாம், மூன்று வரி. பிறந்த நாள், மறுபடியும் பிறந்த நாள், கர்த்தரிடம் சேர்ந்த நாள். முதலும் மூன்றாவதும் அவரிடம் இருந்தன.

"நடுவுல உள்ளது லில்லி டீச்சர் ஏதோ சொன்னாங்க, வீட்டுல ஒருவாட்டி கேட்டுக்கிடுங்கன்னுட்டாங்க" என்றார்.

அவர் காப்பி குடித்து முடிக்கும்வரை யோசித்தேன். பொய்யை யாரும் கல்லில் வெட்டச் சொல்ல மாட்டார்கள். அந்த இரவு ஒரு பெண் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்ததும் பொய்யா?

"அறுபத்திரண்டு, மே பன்னெண்டு. ஆழமா வெட்டுங்க" என்றேன்.

நவம்பர் 28, வெள்ளி

ஜெபக்குழு மறுபடியும் இங்கேயே கூடலாமா என்று லில்லி கேட்டிருந்தாள். சரி என்றேன். யாருக்கோ பிறந்தநாள், ஆவிக்குரியதுதான். கேசரி நான் செய்தேன். முந்திரி கருகிவிட்டது.

இன்றும் புதிதாக ஒரு பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள். கேள்வி சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் தேதி சொன்னார்கள். என் முறை வந்தபோது எல்லோரும் இரக்கத்தோடு கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் புதுப் பெண்ணுக்கு விஷயம் தெரியாது.

"நீங்க எப்ப ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டாள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, மே பன்னெண்டு" என்றேன்.

லில்லி புஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். "அது சுகிர்தம் அக்காவோட தேதில்லா?"

"ஆமா. ரெண்டு பேருக்கும் ஒரே தேதிதான்."

"அப்ப உங்களுக்கு ஆறு வயசுதான இருக்கும்? என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணும் ஞாபகம் இல்ல சிஸ்டர்" என்றேன். "நான் தூங்கிட்டிருந்தேன்."